எஞ்சின் ஆறும்வரை

இஞ்சாருங்கோ, இன்று பொழுதுபட மகன் வாடகைக்கு ஓடும் எங்கள் ஹயர் வாகனத்தைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டுவிட்டு, எஞ்சின் திறப்பையும் உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். எஞ்சின் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. திறப்பை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக நிற்கும்படி ஏதோ ஒரு கருவியைப் பூட்டியிருக்கிறானாம். எனக்கு அது தெரியாது. டீசல் மணம் குசினிக்குள் வர, பிட்டுமாக் கையோடு பழக்கதோஷத்தில் ஓடி வந்துவிட்டேன். சாரதி இருக்கையில் ஒருவரும் இல்லை.

நீங்கள் இருந்த காலத்தில் அந்த வேலையை நீங்களே செய்தீர்கள், எஞ்சின் ஆறும்வரை அதை ஓடவிட்டு இருக்கையிலேயே இருப்பீர்கள். டேர்போ எஞ்சினை ஓடி வந்த சூட்டோடு நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உள்ளே சுழலும் சில்லுக்கு எண்ணெய் போகாது, நின்ற எண்ணெய் கருகிவிடும் என்று எனக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பீர்கள். கீரிமலைக்குக் கூட்டிப்போன கிழவிகள், எஞ்சின் நிற்கவில்லையே, இன்னும் போக இடமிருக்கிறதாக்கும் என்று இறங்காமலே இருப்பார்களாம். இறக்குவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடுமாம். இதற்கு இருக்கிற பொறுமை பிட்டு அவியும்வரை இருக்கிறதா என்று நான் ஏசுவேன்.

ஏசிக்கொண்டே வந்து பக்கத்தில் ஏறி இருப்பேன். வீட்டுக்குள் உங்கள் அம்மாவின் காது, பிள்ளைகளின் காது. நாங்கள் இரண்டு பேரும் மனம்விட்டுக் கதைத்ததெல்லாம் எஞ்சின் ஆறும் அந்த நேரத்தில்தான். மகளின் கலியாணத்தை அங்கேதான் முடிவுசெய்தோம். சண்டையும் அங்கேதான், கண்ணாடியை ஏற்றிவிட்டு.

எண்ணெய் மாற்ற ஒருநாள் பிந்த விடமாட்டீர்கள். தோட்டப் பாதைகளில் ஓடினால் செம்மண் தூசி ஏறிவிடும் என்று காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டுவீர்கள். காலையில் எஞ்சின் சூடேறுமுன் வேகமாக மிதிக்க மாட்டீர்கள். உங்கள் வயிற்று நோவை மட்டும், கோயில் திருவிழாக்கள் முடியட்டும், பிறகு டொக்டரிடம் காட்டுவோம் என்று தள்ளினீர்கள். ஹயர் நிறைய வந்த காலம் அது. நானும் விட்டுவிட்டேன்.

தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்ததை அன்று நீங்கள் சொல்லவில்லை. ஹயர் என்றுதான் வெளிக்கிட்டீர்கள். திரும்பி வந்து, வழமையைவிடக் கூடுதலான நேரம் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தீர்கள். நான் வந்து பக்கத்தில் ஏறி இருந்தேன்.

"என்ன, எஞ்சினிலை ஏதும் பிழையோ?"

"எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. இது கனகாலம் ஓடும். நீர் இதை வித்துப்போடாதையும்."

ஆர் விற்கப்போகிறார்கள் என்று சிரித்தேன். எனக்கு அப்போது உண்மையாகவே நிம்மதியாக இருந்தது. என்னை ஒருதரம் பார்த்தீர்கள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினீர்கள். ஆஸ்பத்திரிக் கதை எனக்குத் தெரியவந்தபோது, உங்களால் அந்த இருக்கையில் ஏறவே முடியாமல் போயிருந்தது.

நீங்கள் சொன்னபடி விற்கவில்லை. எஞ்சின் இன்னும் புதிதுபோல இருக்கிறதென்று கராஜில் எல்லாரும் புகழ்கிறார்களாம். மகன் அதைப் பெருமையாக வந்து சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, உங்கள்மேலும் என்மேலும். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்ன உடனேயே நான் அடுத்ததைக் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு காலமும் அந்த ஒரு கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

"அப்ப உங்களுக்கு என்ன செய்யுது?"