பெரிய வெள்ளியன்று அடித்த மணி

சேசு மரி சூசை துணை

அபிராமபுரம்,
1946 ஆகஸ்ட் 9

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

என் வீட்டுக்காரர் நேற்று விடுதலையாகி வந்துவிட்டார். அடுப்படியில் உட்கார்ந்து மூன்றாம் தடவையாகச் சோறு கேட்கிறார்!

பெரிய வெள்ளியன்று ஸ்டேஷன் மாஸ்டரைக் குத்திக் கொன்று பணப்பையைக் கொள்ளையடித்தது டிக்கெட் கிளார்க்கான இவர்தான் என்று ஊரே நம்பியது. தூக்கு என்ற சொல்லைப் பிள்ளைகள் தெருவில் கேட்டு வந்தார்கள். அன்று நீங்கள் கதவைச் சாத்தியதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஸ்டேஷன் வாசல் சுருட்டுக் கடைக்காரன் சாட்சிக் கூண்டில் ஏறினான். "சாயங்காலம் ஆறு மணிக்கு மாதாகோயில் மணி அடிச்சிக்கினு இருந்துச்சு எஜமான். அப்போதான் இவரு ரத்தக் கையோட ஓடினாரு" என்றான். தினமும் கேட்கிற மணியாயிற்றே, அன்றும் அடித்திருக்கும் என்று நினைத்துவிட்டான். பெரிய வியாழன் பூசையில் ஓய்கிற மணி சனிக்கிழமைவரை ஊமை, நடுவில் மரக்கட்டைதான் தட்டுவோம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் எழுந்துபோய் வக்கீல் காதில் சொன்னேன். பங்குச் சாமியார் வந்து சாட்சி சொன்னார். போலீஸ் அந்தக் கடைப் பரணைக் கிளறியதும் பணப்பை கீழே விழுந்தது.

அண்ணா, அந்தப் பெரிய வியாழனன்று மணிக்கயிற்றைச் சுருட்டிக் கட்டியது உங்கள் கைதான். ஒரே ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்திருந்தால், இதை நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

போகட்டும். ஞாயிறு பூசைக்கு நாங்கள் எல்லாரும் வந்து முன்னால் நிற்போம். மணியைப் பலமாக அடியுங்கள்.

உங்கள் தங்கை