எனக்கான ஜெபம்

வியாழக்கிழமை, இரவு.

ராகலையிலிருந்து இன்றும் ஒரு பெண் வந்தாள். போதகரான என் கணவர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். "ஐயா கைய வச்சதுமே வலி கொறஞ்சிருச்சுங்க" என்று அழுதாள். அடுப்படியில் நின்ற எனக்கு அந்த ஜெபம் மனப்பாடம். மனதில் ஒன்றும் அசையவில்லை.

அவள் போன பிறகு, என் மார்பில் கட்டி இருப்பதையும் நாளை ஆஸ்பத்திரிக்குப் போவதையும் அவரிடம் சொன்னேன்.

"ஏன் புள்ள, எங்கிட்ட ஜெபிக்கச் சொல்லல?"

"தெனமும் உங்கள பாக்குறேன். கேக்கத் தோணலீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. என் தலையில் கைவைத்தார். வழக்கமான அந்த ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, இவ இல்லாம நான் என்ன செய்வேன்" என்றார். அதற்குமேல் முடியாமல் வெளியே போய்விட்டார்.

இப்போது தூங்குகிறார். அவர் முடிக்காமல் போன ஜெபத்துக்கு ஆமென் நான்தான் சொன்னேன். நம்பிச் சொன்னேனா, தெரியவில்லை.