வாசல் நிறையச் செருப்பு

கலிபோர்னியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹரிணி எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

நேற்று கடற்கரைப் பூங்காவுக்குத் தனியாகப் போய்வந்தேன். "தண்ணிக்குள்ள எறங்கிறாத ஆத்தா" என்று போனில் சொன்னீர்களே, இறங்கவில்லை. கால் மட்டும் நனைந்தது. பாறையெல்லாம் கடல்நாய்கள், நம் கண்மாயில் எருமைகள் கிடப்பதுபோல் சுகமாகக் கிடந்தன.

மேட்டில் பழைய கலங்கரை விளக்கம். அதன் காவல்காரர் குடும்பம் ஒரு காலத்தில் வாழ்ந்த வீட்டை, அடுப்பும் தொட்டிலுமாக அப்படியே வைத்திருக்கிறார்கள். வீடு என்றதும் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நுழைந்தேன். பின்னால் வந்தவர்கள் அதுதான் அங்கே விதி என்று நினைத்து ஒவ்வொருவராக ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள்! வீட்டைச் சுற்றிக் காட்டும் டோரதி அம்மா வாசலைப் பார்த்துத் திகைத்து நின்றார். அசடு வழிய விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், தானும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

திரும்பி வந்து பார்த்தால், நம் வீட்டுக் காதுகுத்துக்குக் கூட்டம் வந்ததுபோல வாசல் நிறையச் செருப்பு. என்னுடையதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம் அப்பா. என் அறை வாசலில் என் ஜோடி மட்டும்தான் கிடக்கும், தேடவே வேண்டாம்.

யாராவது இங்கே வந்தால் வறுத்த கடலையும் ரசப்பொடியும் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் கூடவே வையுங்கள். பொங்கலன்று டோரதி அம்மா சாப்பிட வருகிறார். "செருப்பை வாசலில்தானே விட வேண்டும்?" என்று இப்போதே கேட்டுவைத்துக்கொண்டார்.

குக்கர் கத்துகிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
ஹரிணி