ஒழுகும் கூரையிடம் ஐந்து கேள்விகள்

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த ஒரு முடிவெடுத்தேன். மகளின் கட்டிலுக்கு மேல் ஒழுகும் கூரையைப் பூசுவதற்கு முன், எங்கள் கம்பெனி வழக்கப்படி ஐந்து முறை "ஏன்?" கேட்டு மூலகாரணத்தைக் கண்டுபிடிப்பது என்று.

மேஸ்திரி முனிராஜ் இரண்டு "ஏன்" வரை பொறுமையாகப் பதில் சொன்னார். மூன்றாவதில், "சார், விரிசல் இருக்குது, ஒழுகுது. பூசட்டுமா, வேணாமா?" என்றார்.

"காரணம் தெரியாம கை வைக்கக் கூடாதுங்க மேஸ்திரி."

"மழை மோடம் கட்டுது. அதையும் ஏன்னு கேட்டுடுங்க," என்றாள் மனைவி.

நான் அசரவில்லை. நான்காவது கேள்விக்கு மேஸ்திரி பூச்சுக் கரணையைப் பையில் போட்டுக்கொண்டு உத்தனப்பள்ளியில் இருந்த அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஐந்தாவதற்கு நானே பதில் எழுதினேன். மூலகாரண அறிக்கையில் ஒரு குறையும் இல்லை.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. மகள் சமையலறையில் பாய் விரித்துத் தூங்குகிறாள்.