பிடித்த கை

என்னைக் கைப்பிடித்தவருக்கு,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது.

போன மாதம் நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, பிசியோதெரபிக்கு நான் தனியாகப் போனேன் அல்லவா? அங்கே புதிதாகச் சேர்ந்த பெண், மேசையில் டம்ளரை வைத்து எடுக்கச் சொன்னாள். நான் திரும்பி உங்களைத் தேடினேன்.

"யாரம்மா தேடறீங்க?"

"எங்க வீட்டுக்காரரை. பக்கவாதம் வந்ததுலேர்ந்து அவர்தான் என் வலது கையைப் பிடிச்சு எடுக்க வைப்பார்."

"ஐயோ, பிடிச்சுக்கிட்டே இருந்தா கை எப்படிம்மா பழகும்? தடுமாறினாத்தான் மூளை கத்துக்கும். 'பிடித்த கை பழகாது'ன்னு போர்டுல எழுதிட்டுத்தான் எங்க காலேஜ் சார் பாடத்தையே ஆரம்பிப்பார்."

"யாரு அந்த சார்?"

உங்கள் பெயரைச் சொன்னாள். தெரியாதவள்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நீங்கள் கல்லூரியில் ஓய்வு பெற்ற பிறகு, நான் என் தையல்கடைக்குப் போய்விட்டால் வீடு வெறிச்சென்றிருக்கிறது என்பீர்கள். "இந்தக் கை இனிமே கத்தரிக்கோல் பிடிக்காது, கடையை விட்டுடு" என்றதும் நீங்கள்தான். படித்தவர் சொல்கிறாரே என்று, என்னிடம் வேலை பார்த்தவளிடமே சாவியைக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்கப்போவதில்லை.

நீங்கள் மதியம் கண்ணயரும் நேரத்தில் தனியே தடுமாறிப் பழகினேன். இன்று காலைகூட ஸ்பூனோடு என் கையைப் பிடித்தீர்கள். அப்படியே சாப்பிட்டேன்.

இன்றிலிருந்து, கடைச் சாவியை வாங்கியவளிடமே வேலைக்குப் போகிறேன். பிசிறு வெட்டுகிற வேலைதான். ஆனாலும் கத்தரிக்கோல் வேலை.

எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் எழுதினேன். யாரும் பிடிக்கவில்லை.

உங்கள் மனைவி