றோஸ் குஞ்சுகள்

09 பெப்., திங்கள்

விடியப் பனி. மத்தியானம் கொதி வெயில். சனியன்று பொரித்த குஞ்சுகளை இன்றுதான் தாயோடு முற்றத்தில் விட்டேன். அடைக்கோழியை வாங்கும்போது, பொரித்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

வானத்திலிருந்து பிராந்து இறங்கியதைக் காணவில்லை. நிழல் மட்டும். தாய்க்கோழி கத்த, ஒரு குஞ்சு மேலே போய்விட்டது. முற்றம் கூட்டிய தும்புத்தடியோடு நின்றேன், அவ்வளவுதான். மிச்சம் எட்டு.

கொழும்பிலிருந்து இவர், ஃபோனில்: "உமக்கேன் இந்த வேலை? கடையிலை முட்டை இல்லையே?"

பக்கத்து வீட்டு மலர், மதிலுக்கு மேலால்: "குஞ்சுக்குச் சாயம் பூசுங்கோ ரீச்சர். நிறத்தைக் கண்டால் பிராந்து கிட்ட வராது. நாங்கள் பூசுறனாங்கள்."

ஆதாரம்? கேட்கவில்லை.

10, செவ்வாய்

வாங்க: குஞ்சுகளுக்குக் குறுநல் அரிசி, சவர்க்காரம், பிரஷர் குளிசை.

மலர் தந்த றோஸ் சாயம், பெட்டி இழைக்கிற ஓலைக்குப் போடுவது. நான்குக்குப் பூசினேன், நான்கை அப்படியே விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று. விலங்கியல் படித்த புத்தி.

காய்ந்ததும் தாயிடம் விட்டேன். கோழி கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு றோஸ் குஞ்சைக் கொத்தியது. தலையில். மறுபடியும். அதுவோ அந்தச் செட்டைக்குள்ளேயே நுழையப் பார்க்கிறது. பிடுங்கி எடுத்தேன்.

மலர்: "எங்கடை கோழி ஒண்டும் செய்யேல்லையே. உங்கடையது படிச்ச கோழி போலை."

"கழுவட்டோ?"

"வேண்டாம், விறைச்சுப்போகும்."

நான்கும் குசினியில், பிஸ்கற் பெட்டிக்குள், குண்டு பல்புக்குக் கீழே. கீச் கீச். சத்தம் நின்றால் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

11, புதன்

விடியவே கரண்ட் இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயால் சுற்றி வைத்தேன். சூடு கூடவோ, காணாதோ? தெரியாது. கொத்து வாங்கியது கண்ணை மூடி மூடித் திறக்கிறது. குறுநல் தொடவில்லை.

பள்ளிக்கு லீவு. காரணம்: சுகயீனம். யாருக்கென்று எழுதவில்லை.

மலர்: "செக்கலிலை தாய்க்குக் கீழை மெல்ல விட்டுப்பாருங்கோ. இருட்டினால் நிறம் தெரியாதுதானே."

"கொத்திச் செத்தால்?"

"தாயில்லாமல் பெட்டிக்குள்ளை எத்தினை நாளைக்கு?"

செக்கல். கோழியை மூடியிருந்த ஓலைக் கடகத்தை உயர்த்தி, ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றுக்குக் கீழே தள்ளினேன். அதன் தொண்டைக்குள் ஓர் உறுமல். கையை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். கடகத்தை மூடினேன். பிறகு சத்தமில்லை. அது நல்லதா?

12, வியாழன்

மலர் எனக்கு முதலே முற்றத்தில் நிற்கிறாள். "கடகத்தைத் தூக்குங்கோ ரீச்சர்."

"நீர் தூக்கும்."

"உங்கடை கோழியெல்லோ."

தூக்கினேன். கோழி பாய்ந்து கொத்தியது. என் விரலை. இரத்தம். செட்டைக்குக் கீழே ஒரு றோஸ் தலை. இன்னொன்று. மூன்றாவது, தாயின் முதுகில் ஏறி நின்றது. கோழி அதைக் கொத்தவில்லை.

தலையில் காயம் பட்ட நான்காவதைக் காணவில்லை. கோழி எழும்பினால்தான் தெரியும். விரலுக்கு மருந்து போட வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். மருந்து போடவில்லை. இதை எழுதுகிறேன்.

மலர் கூப்பிடுகிறாள். "ரீச்சர், இஞ்சை வாங்கோ."

நல்லதுக்கோ கெட்டதுக்கோ, குரலில் விளங்கவில்லை.