சுவிட்ச் போடாமல் சுற்றும் ஃபேன்

ஆடிக்காற்று பிடித்துவிட்டது. பொதுச் சமையலறைச் சுவரில் நீர் மாட்டிவைத்த எக்ஸாஸ்ட் ஃபேன், சுவிட்சைப் போடாமலே சுற்றிக்கொண்டிருக்கிறது. வளைந்த இறக்கை ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் சட்டத்தில் இடித்து 'டக்' என்கிறது. நேற்று மத்தியானம் வராந்தாவில் கண்ணயர்ந்திருந்தவன் அந்தச் சத்தத்தில் விழித்து, "இன்னைக்கு என்ன வே கொழம்பு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் பேசாததற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஃபேனே ஒரு சண்டையில் வந்ததுதானே. சங்கரன்கோவிலுக்கு வெளியே நாம் சில குடும்பங்கள் சேர்ந்து இடம் வாங்கி, ஆளுக்கொரு சின்ன வீடும், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறையும் கூடமும் கட்டிக்கொண்டபோது, அதற்கு 'வளவு' என்று பெயர் வைத்தது நான். நான் பிறந்த வாசுதேவநல்லூர் வளவில் வரிசையாக எங்கள் சொந்தக்காரர்களின் வீடுகள். யார் வீட்டில் என்ன குழம்பு என்று விசாரிக்கவே வேண்டாம், எல்லார் வீட்டிலும் ஒரே குழம்புதான். கடையநல்லூர் பாயான நீரும், கரிசல் பக்கத்துப் பட்டாளத்து அண்ணாச்சியும், சைவக்காரனான நானும் ஒரே வளவில் குடியிருக்கப் போகிறோம் என்றதும் என் சித்தப்பா வாயில் வெற்றிலையோடு சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்த ஆரம்ப மாதங்களை நினைத்தால் இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. யார் மனமும் கோணக்கூடாது என்று மீனை விட்டோம், கறியை விட்டோம், ஒருவருக்காகப் பூண்டை, இன்னொருவருக்காகக் காரத்தை. கடைசியில் தட்டில் விழுந்தது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. ஒருநாள் நீர் தட்டைத் தள்ளி வைத்தீர்.

"ஒவ்வொருத்தருக்கும் ஆகாததைக் கழிச்சிக் கழிச்சி, ஒருத்தருக்கும் வேண்டாததை ஆக்கி வச்சிருக்கோம் வே. இனி அவுகவுக முறை வரும்போது அவுகவுக வீட்டுச் சாப்பாடு. பிடிக்காதவுக தன் வீட்டுல இருந்து கொண்டாரட்டும். ஆனா ஒண்ணு, சாப்பிடாட்டாலும் வந்து உக்காரணும்."

அதுதான் நம் வளவின் சட்டம் ஆயிற்று. வளைகுடாவில் நீர் இருந்த அறையில் அடுப்பு ஒன்று, ஆட்கள் பல தேசம். அங்கே தினமும் சண்டை நடக்கும் என்பீர். "சண்டை போடாத நாள்தான் வே பயமா இருக்கும். எவனுக்கோ ஊருல இருந்து கெட்ட சேதி வந்திருக்கும்" என்பீர்.

மீன் வாடைக்கு நான் முகம் சுளித்ததால் இந்த ஃபேனை வாங்கி மாட்டினீர். ஆடி வந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்று, வெளியே போன வாடையை அப்படியே திருப்பி என் ஜன்னலுக்குள் கொண்டுவந்து கொட்டியது. சண்டைக்கு வந்தேன்.

"நான் வெளிய அனுப்புதேன். காத்து உம்மகிட்ட கொண்டாந்து குடுக்கு. நான் என்ன செய்ய?" என்றீர். அந்த வாரம், பாதி சிவனும் பாதி பெருமாளுமாகச் சாமி காட்சி தரும் ஆடித்தபசுக்கு வந்த கூட்டம் ஊரை நிறைத்திருந்தது. அதையும் விடவில்லை நீர். "உங்க சாமியே ரெண்டு பேரு ஒரே உடம்புல குடியிருக்காவ. நமக்கு நடுவுல சுவரு வேற இருக்கு. சமாளிக்க முடியாதா ஓய்?"

போன ஐப்பசி மழையில் நீர் போனீர். கடையநல்லூரில் உம்மை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, உமக்கு மரியாதையாக வளவில் கவிச்சி வேண்டாம் என்றோம். துட்டி வீட்டில் எங்கள் வழக்கம் அது. உம்முடைய வழக்கம் அதுவா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. துக்க நாட்கள் முடிந்தன. போதும் என்று முதலில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பட்டாளத்து அண்ணாச்சியும் தன் முறைக்குச் சாம்பாரே வைத்தார். எல்லாரும் ஒன்றுபோல் சாப்பிட்டு, ஒன்றுபோல் தலையாட்டி, கை கழுவிப் போனோம். சண்டையே இல்லை. நிம்மதி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நாளாக ஆக அந்தக் கூடத்தில் உட்காரவே எனக்குப் பயமாக இருந்தது. எவருக்கோ கெட்ட சேதி வந்திருக்கிறது, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்றே தோன்றும். வைகாசியில் காற்று எழுந்து, மாதக்கணக்கில் நின்றுகிடந்த ஃபேன் தானாகச் சுற்றியபோது சோற்றுக் கையோடு எழுந்து போய்ச் சுவிட்சைப் பார்த்தேன்.

உம் மகள் வீட்டை விற்பதற்காக வந்தாள். கூடத்தில் தினமும் ஏன் சாம்பார் என்பதற்கு நாங்கள் சொன்ன காரணத்தைக் கேட்டுச் சிரித்தாள், பிறகு அழுதாள். "வாப்பாவுக்காகவா மாமா இத்தனை நாளும் சாம்பாரு? இருந்திருந்தா எந்திச்சு ஓடியிருப்பாவளே." சாவியை என் கையில் கொடுத்து, ஆள் பார்க்கும் பொறுப்பையும் என்னிடமே விட்டுப் போனாள்.

இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவன் என் மைத்துனன். இன்னொருத்தி ராயகிரியிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ், வயதான அம்மாவோடு இருப்பவள். ஒரு வீடு வேண்டாம் என்றாலும் சேர்ப்பதில்லை என்பது நம் வழக்கம். கூட்டத்தில் எல்லார் மனமும் என் மைத்துனன் பக்கமே சாய்ந்தது. தொந்தரவில்லாத ஆள்.

"அந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளையாத்தான் தெரியுது. ஆனா யாரு என்னன்னு விசாரிச்சாச்சா?" என்றார் அண்ணாச்சி. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர் யாரும் இல்லை.

"எம் மச்சினனுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றேன். "அவன் நல்லவன்தான். அவன் வந்தா இங்கன இன்னொரு நான் இருப்பேன். ஒரு நானே போதும். யாரு என்னன்னு விசாரிச்சுத்தான் பாயைச் சேத்தோமா?"

"சரி, அந்தப் பிள்ளை வரட்டும். அடுத்த என் முறைக்குக் கறிதான் எடுப்பேன், சொல்லிட்டேன்" என்றார் அண்ணாச்சி. வேறு யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "எந்தம்பி பக்கத்துல இருந்தா உங்களுக்குக் கசக்குதோ?" என்று கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

உம் வீட்டை நர்ஸுக்குத் திறந்துவிட்டவன் நான்தான். கதவுக்குப் பின்னால் உம் செருப்பு வாசலைப் பார்த்துக் கிடந்தது. அதைத் தாண்டாமல் சாவியை அவளிடம் நீட்டினேன். அவள் காதைத் தீட்டி, "அங்கன யாருண்ணே சமைக்கது? ஃபேனு ஓடுதே" என்றாள். "காத்துதாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அவளுடைய முதல் சமையல் முறை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. நான் தயிர்சோறோடு போய் உட்கார்ந்தேன். என் மனைவி வரமாட்டாள் என்றிருந்தேன். தன் தூக்குச்சட்டியோடு வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தாள்.

"இம்புட்டுப் புளியா ஊத்துவாவ? வாசத்துலயே பல்லு கூசுது" என்றாள்.

"வாயில வைக்காமலே குத்தம் சொல்லுதீயளே அக்கா" என்றாள் நர்ஸ்.

"சொல்லத்தான் செய்வேன். வந்து உக்காந்திருக்கேம்லா?"

புளி போதாது என்று அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். மூன்று பேரும் மாறிமாறிக் கத்தினார்கள். நீர் போன பிறகு நம் கூடத்தில் நடந்த முதல் சண்டை. எனக்கு அழுகை வந்தது, வாடைக்குக் கண் எரிகிறது என்றேன்.

சமையலறைச் சுவரில் ஃபேன் டக், டக் என்றது. காற்றுதான், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் என் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டேன். இன்றைக்கும் விடுவேன். சாப்பிடாட்டாலும் வந்து உக்காரும் வே.